ஆறு புளியங்கொட்டை

அசதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே எழுந்து நடக்கிற ஆளை என் ஆயுசில் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் அசதி என்றால் உட்காருவார்கள். அந்த மேடம் அசதி என்று சொன்னால், உட்கார்ந்திருக்கிற நாங்கள் எழுந்திருக்க வேண்டும் என்று அர்த்தம்.

"அசதியா இருக்குக்கா. வாங்க, இன்னொரு தடவை பாத்துட்டு வந்துருவோம்."

அவருடைய பேர் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அந்தப் பேரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை, இப்போது எழுதவும் கை வரவில்லை. ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் எல்லோரும் கல்லு மேடம் என்றுதான் சொல்வார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னப் பூதக்கண்ணாடி. கல்லைச் சுத்தியால் ஒரு தட்டு தட்டி உடைப்பார், உடைந்த பக்கத்தை நாக்கால் நக்குவார், அப்புறம் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். ஈரமானால்தான் கல்லின் நிறம் தெரியுமாம். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, பயமாகவும் இருந்தது.

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தது ஒரு தீபாவளிக்கு அப்புறம். அதற்கு முன்னால் பதினோரு வருடம் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டினேன். வெடிமருந்துத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காமல் போகவும் வீட்டோடு இருந்துவிட்டேன். அப்போதுதான் ஜீப் டிரைவர் வந்து, கல் மூட்டை சுமந்து கூட நடக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். "நான் அதிகம் பேச மாட்டேனே" என்றேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது, சின்ன வயதிலிருந்தே அப்படி.

"அந்தம்மாவுக்கு அப்படி ஆளுதான் வேணும். அவுக கல்லோட பேசிக்கிட்டு இருப்பாக, நீங்க சும்மா நில்லுங்க போதும்" என்றார் டிரைவர்.

பூமிக்குக் கீழே எங்கே எந்தப் பாறை இருக்கிறது என்று நடந்து பார்த்துப் படம் வரைவதுதான் மேடத்தின் வேலை. எங்கள் தெருவில் அப்போது தண்ணீர்ப் பஞ்சம். லாரி வந்தால் தண்ணீர், வராவிட்டால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். தெருவுக்கு ஒரு போர் போட உத்தரவாகியிருந்தது. ஒன்றே ஒன்றுதான். எங்கே போட்டால் தண்ணீர் வரும் என்று மேடம் போடுகிற படத்தைப் பார்த்துத்தான் குறிப்பார்கள். சாம்பல் பாறையும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையும் ஒன்றோடொன்று சேருகிற இடத்தில் இடுக்கு இருக்கும், அந்த இடுக்கில்தான் தண்ணீர் நிற்கும் என்பார். அந்த இடுக்கு வடக்கேயிருந்து தெற்கே ஒரு கோடு போல ஓடுகிறது. அந்தக் கோட்டைத்தான் நாங்கள் பனியிலும் வெயிலிலும் தேடினோம்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. பென்சிலால்தான் எழுதுவார், பேனா என்றால் வேர்வையில் கரைந்துவிடுமாம். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு கிழித்து இரண்டு பத்தி. இடது பத்திக்குக் கால் என்று பேர், வலது பத்திக்கு மிஷின். திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு, காலை எட்டி வைத்து இத்தனை எட்டு நடந்தேன் என்று எண்ணி எழுதுவது கால். மிஷின் என்பது செல்போன் மாதிரி, கொஞ்சம் தடியாக இருக்கும். வானத்திலிருக்கிற சாட்டிலைட்டைக் கேட்டு நாம் நிற்கிற இடத்துக்கு நம்பர் சொல்லும். ஒரு மரத்தடிக்கு வந்தாலும் ஓடைக்கு வந்தாலும் இரண்டையும் எழுதாமல் நகர மாட்டார்.

டிரைவருக்குப் பொறுமை போய்விடும். "மேடம், ஒண்ணு மிஷின நம்புங்க, இல்ல கால நம்புங்க. ரெண்டு பேர்ட்டயும் வழி கேட்டா எப்பத்தான் ஊரு போய்ச் சேருறது?"

"ரெண்டு பேரும் ஒரே வழியைச் சொன்னா நிம்மதியாத் தூங்கலாம்ப்பா."

"வேற வேற வழி சொன்னா?"

"இன்னொரு தடவை நடக்கணும்."

கோடு போடுவதிலும் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. தன் கால் பட்ட இடத்தில்தான் முழுக்கோடு. கால் படாமல், இப்படித்தான் போயிருக்கும் என்று யோசித்துப் போடுகிற இடத்தில் வெறும் புள்ளிக்கோடு. எழுதியது தப்பு என்று தெரிந்தால் ரப்பர் வைத்து அழிக்க மாட்டார். மேலே ஒரே ஓர் அடி அடித்து, அடித்தது படிக்கிற மாதிரி விட்டுவிட்டு, கீழே சரியானதை எழுதுவார்.

மிஷின் தப்புச் சொன்ன நாளும் உண்டு. ஒரு மத்தியானம் அவர் மிஷின் நம்பரைப் பழைய படத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் டிரைவரைக் கூப்பிட்டு, "நாம இப்போ கண்மாய்க்குள்ள நிக்கறோமாம்" என்றார்.

டிரைவர் காலைத் தூக்கிப் பார்த்தார். "செருப்பு நனையலியே மேடம்."

பழைய படம் பூமியை ஒரு கணக்கில் அளந்ததாம், மிஷின் வேறு கணக்கில் அளக்கிறதாம். அதைச் சரிப்படுத்தாமல் ஆபீசிலிருந்து கொடுத்துவிட்டிருக்கிறார்கள். நாலு நாள் எழுதிய நம்பரெல்லாம் கரையை விட்டுத் தள்ளிப் போயிருந்தது. காலால் எண்ணியது மட்டும் சரியாக இருந்தது. மேடம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். நாலு நாளையும் மறுபடி நடந்தோம்.

கால் தப்புச் சொன்ன நாளும் உண்டு. அவருடைய எட்டு குறைந்துகொண்டே வருவதை மிஷின்தான் காட்டிக்கொடுத்தது. டேப்பை விரித்து அளந்து பார்த்தார், நூறு எட்டில் பன்னிரண்டு அடி குறைந்தது. வலது முழங்கால் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. நோட்டில் எழுதிவிட்டு எனக்கும் படித்துக் காட்டினார். "முழங்கால் வீக்கம். இன்று கால் கணக்கை நம்ப வேண்டாம்." இன்றைக்கு வெயில், இன்றைக்கு மேகம் என்று எழுதுவது போலத் தன் குறையையும் எழுதினார். என்னால் அப்படி முடியாது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தபடியேதான் ஆயிற்று.

அன்றையிலிருந்து என்னை எண்ணச் சொன்னார். கண்மாய்க் கரையில் டேப்பை விரித்து என் எட்டை அளந்தார். "உங்க நூறு எட்டுக்கு இருநூத்தி நாலு அடி. பத்து தடவை நடந்தும் மாறல. உங்க கால் நல்ல கால்க்கா." என்னை யாரும் எதற்கும் அப்படி மெச்சியதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போதுகூட எட்டை எண்ணிக்கொண்டுதான் போனேன்.

எங்கள் தெருவுக்கு வடக்கே ஒரு பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. நான் பதினோரு வருடம் உருட்டியது அங்கேதான். அதற்கும் வடக்கே ஓடையில் அந்த இடுக்கைக் கண்டுபிடித்துவிட்டோம். கம்பெனி காம்பவுண்டுக்குள் அது எந்த இடத்தில் வெளியே தெரிகிறது என்று பார்த்துவிட்டால், கோட்டை எங்கள் தெரு வரைக்கும் நீட்டிவிடலாம். உள்ளே கிழக்கு கேட்டிலிருந்து மேற்கே நேராக ஒரு பாதை போகும். அந்தப் பாதையில் சாம்பல் கல் முடிந்து வெள்ளைக் கல் ஆரம்பிக்கிற இடம் எனக்குத் தெரியும். வெறுங்காலோடு நடந்த பாதை, வெள்ளைக் கல் பாதத்தில் குத்தும். கேட்டிலிருந்து அதற்கு எத்தனை எட்டு என்பது மட்டும் வேண்டும்.

பட்டாசுக் கம்பெனிக்குள் பேட்டரி போட்ட சாமான் எதுவும் போகக் கூடாது. இரும்பும் போகக் கூடாது, ஒரு பொறி போதும். மிஷின், சுத்தி, டிரைவரின் செல்போன் எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். திசைகாட்டியைக் கம்பெனி ஃபோர்மேன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பித்தளையா? அப்பச் சரி." எங்கள் கம்பெனியில் மருந்து கிண்டுகிறவர்களுக்கும் இரும்பு ஆகாதே.

ஆனால் மேடத்தை விடவில்லை. "தப்பா நெனைக்காதீக மேடம். வடநாட்டுக் கல்யாண ஆர்டர், லோடு ஏறிக்கிட்டு இருக்கு. வெளியாள விட்டா எனக்கு வேலை போயிரும். யக்கா வேணும்னா வரட்டும், அவுக நம்ம ஆளு" என்றார் ஃபோர்மேன்.

மேடம் என்னைப் பார்த்தார். என் முந்தானையில் ஒரு பிடி புளியங்கொட்டை முடிந்துகொடுத்தார். "நூறு ஆனதும் ஒரு கொட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாத்துங்க. அவ்வளவுதான்."

உள்ளே போனேன். அதே மருந்து வாசனை. ஷெட்டு வாசலில் குழாய் உருட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கூட இருந்து வேலை பார்த்தவர்கள். என் மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, அங்கேதான் இருந்தாள்.

"ஏட்டி, என்னத்தட்டி எண்ணிக்கிட்டே வார? எங்க வயசையா?"

"கல்லு மேடத்துக்கு அளந்து கொடுக்காளாம். பெரிய எஞ்சினியரு!" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் கவிழ்ந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். வாய் தன்னால் எண்ணிக்கொண்டே வந்தது. வெள்ளைக் கல் பாதத்தில் குத்தியபோது கையில் ஆறு கொட்டை மாறியிருந்தது, அதற்கு மேல் ஐந்து எட்டு.

"ஆறு கொட்டை, அஞ்சு எட்டு மேடம்."

அவர் இடது பத்தியில் அறுநூற்று ஐந்து என்று எழுதினார்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் உட்கார்ந்து வீட்டுக்கு வாங்கிவந்த குழாய்களை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள். நூற்று நாற்பத்து நாலு ஆனதும் ஒரு கொட்டையை எடுத்துத் தட்டில் போட்டாள். கம்பெனியில் எல்லாமே குரோஸ் கணக்குதான். நூற்று நாற்பத்து நாலு ஒரு குரோஸ், குரோஸுக்கு ஒரு கொட்டை. பதினோரு வருடம் நானும் அப்படித்தான் போட்டேன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாசனைக்குள் போனதும், அந்தச் சிரிப்பைக் கேட்டதும், என் வாய் கம்பெனிக் கணக்கில் எண்ணியிருக்கிறது. ஆறு நூறு இல்லை, ஆறு குரோஸ்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. என் கால் நல்ல கால் என்று சொன்னவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று ஒரு வெட்கம். இன்னொன்றும் இருந்தது. எங்கள் தெரு கிழக்கு மேற்காக நீளமானது. அறுநூறு எட்டு என்றால் கோடு தெருவின் கிழக்குக் கோடியில் வந்து இறங்கும். குரோஸ் கணக்கு என்றால் மேற்குக் கோடியில், என் வீட்டு வாசலில் வந்து இறங்கும். தன் வாசலுக்குத் தண்ணீரைத் திருப்புகிறாள் என்று தெரு பேசுமே, மதினி பேசுவாளே என்று நினைக்கும்போதே நாக்கு உள்ளே போய்விட்டது.

மேடத்துக்கு நோட்டு ஒத்துவரவில்லை. ஓடையில் மிஷின் சொன்ன நம்பரிலிருந்து தெற்கே கோட்டை இழுத்தால் அது மேற்குக் கோடிக்கு வந்தது. என் காலோ கிழக்கே சொன்னது. பாறை நடுவில் ஒடிந்து விலகியிருக்கலாம், அப்படி ஆவதும் உண்டு என்று அவரே சொல்லிக்கொண்டார். கண்மாய்க்குள் நிறுத்திவைத்த மிஷின் மேல் அவருக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"அக்கா, சரியா எண்ணினீங்கதானே?"

"ஆமா மேடம்."

"மேடம், இன்னொரு தடவைன்னு சொல்லலியே?" என்று டிரைவர் ஞாபகப்படுத்தினார்.

கம்பெனியில் மறுபடி கேட்டும் யாரையும் உள்ளே விடவில்லை. ஆபீசில் படத்தை உடனே கொண்டுவா என்று நெருக்கினார்கள். முழங்கால் மடங்கவே இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜீப்பில் சாய்ந்திருந்தார். "அசதியா இருக்கு" என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டார். தன் கால் படாத இடத்தில் அன்றைக்குத்தான் முழுக்கோடு போட்டார். என் காலைத் தன் கால் என்று நினைத்துப் போட்ட கோடு அது.

மாசிக் கடைசியில் போர் வண்டி வந்தது. கிழக்குக் கோடியில் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி இறக்கினார்கள். தெருவே குடத்தோடு நின்றது. சாம்பல் புழுதி கிளம்பியது. சாயங்காலம் வரைக்கும் புழுதிதான். தலையெல்லாம் புழுதியாக ஒவ்வொருவராகக் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

"வானத்தப் பாத்து நம்பர் கேட்டா, பூமிக்குள்ள எப்படித் தண்ணி வரும்?"

"நாலு மாசம் கல்ல நக்குனதுக்கு எங்க லாரித் தண்ணியக் குடிச்சிட்டுப் போயிருக்கலாம்."

மதினி மேடத்தின் முகத்துக்கு நேராகவே கேட்டாள். "இருந்த ஒரு போரையும் தொலைச்சுட்டீகளே. இனி யாரு தருவா?"

மேடம் மதினிக்கு நேராகத் திரும்பினார். "தப்பு என்னோடதுதாம்மா. நான் கால் வைக்காத இடத்துல கோடு போட்டுட்டேன்" என்றார். மிஷின் மேலேயும் போடவில்லை, என் மேலேயும் போடவில்லை. கூட்டத்தில் நானும் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவர் ஜீப்பை நோக்கி நொண்டி நொண்டி நடந்தார். எனக்கு அந்த நடை தாங்கவில்லை. பின்னாலேயே போனேன். ஏறுகிற இடத்தில் நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பின் டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். குரோஸ் கணக்கையும் சொன்னேன், மறுநாளே எனக்குத் தெரிந்துபோனதையும் சொன்னேன்.

அவர் நோட்டை எடுத்து ஆறு தடவை நூற்று நாற்பத்து நாலு போட்டார். ஐந்தைக் கூட்டினார். எண்ணூற்று அறுபத்தொன்பது. வலது பத்தியைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன்க்கா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு. எங்க வீட்டு வாசல்லவேற வருது."

"மிஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் அதைக் கேக்கல." நோட்டை மூடினார். முகத்தில் அப்பியிருந்த புழுதியைச் சட்டைக் கையால் துடைத்தார். "அசதியா இருக்குக்கா. வாங்க, இன்னொரு தடவை பாத்துருவோம்."

அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்குக் கம்பெனி பூட்டியிருந்தது. யாரைப் போய்ப் பார்த்தாரோ, அன்றைக்கு ஒரு மணி நேரம் உள்ளே விட்டார்கள். மிஷினைக் கேட்டில் வைத்துவிட்டு, பித்தளைத் திசைகாட்டியோடு அவர் என் பக்கத்தில் நடந்தார். நான் வாய்விட்டு எண்ணினேன். நூறுக்கு ஒரு கொட்டை. சிரிக்க ஆள் இல்லாத ஷெட்டுகள். வெள்ளைக் கல் குத்தியபோது எட்டுக் கொட்டையும் எழுபத்திரண்டு எட்டும். அவர் குனிய முடியாமல் குனிந்து கல்லை எடுத்து, நக்கிப் பார்த்தார்.

"மூணு எட்டு கூடுது. வயசாகுதுக்கா உங்களுக்கு" என்றார். அத்தனை மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

நோட்டில் பழைய அறுநூற்று ஐந்தின் மேல் ஓர் அடி அடித்தார். "அதை அழிச்சிருங்க மேடம்" என்றேன்.

"அழிக்கக் கூடாது. எப்படித் தப்பாச்சுன்னு நாளைக்குப் பாக்கறவங்களுக்குத் தெரியணும்ல." பக்கத்தில் 'குரோஸ் கணக்கு' என்று எழுதினார். கீழே புது எண்ணை எழுதி, எண்ணியவர் என்று போட்டு என் பேரை எழுதினார். அந்தப் பக்கத்தைப் பார்த்து இன்னொரு தாளில் எழுதி என் கையில் கொடுத்தார். "திரும்ப போர் கேட்டு மனு கொடுங்க. ரெண்டு பத்தியையும் காட்டுங்க. அடிச்ச வரியையும் காட்டுங்க."

வைகாசியில் அவருக்கு மாற்றல் வந்தது. ஜீப் வருவது நின்றுபோனது.

அந்தத் தாளை நான் டிரங்குப் பெட்டியில் ஒன்றரை வருடம் வைத்திருந்தேன். கேட்க வாய் வரவில்லை. தெரு லாரித் தண்ணீர் பிடித்தது, சண்டை போட்டது, காய்ந்த போரின் மேல் குப்பையைக் கொட்டியது. மதினிக்கு இடுப்பு போய்விட்டது, குடத்தைத் தலையில் வைத்துத் தள்ளாடித் தள்ளாடி என் வாசலைத் தாண்டிப் போவாள். அப்படி அவள் கீழே விழுந்த ஒரு வாரத்தில்தான் பெட்டியைத் திறந்தேன்.

சூலக்கரையில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள். தெருவில் எட்டுப் பேர் கூட வந்தார்கள். மேசையிலிருந்த ஆபீசர் தாளைப் பார்த்து, வலது பத்தியிலிருந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். "இந்த அடிச்ச வரி என்னம்மா?"

அறையில் அத்தனை பேர் இருந்தார்கள். எனக்குப் பின்னால் மதினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அது நான் எண்ணுனதுங்கய்யா. தப்பா எண்ணிட்டேன். தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். அந்த மேடம் மேல தப்பு இல்ல. சரியான இடம் எங்க வீட்டு வாசல்."

பஸ்ஸில் திரும்பும்போது மதினிக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். ஆமத்தூர் தாண்டியதும் மதினி சொன்னாள். "ஒன் வாசல்ல வந்தா என்னட்டி? எங்க குடம் அங்க வராதாக்கும்?" இதைக் கேட்கவா ஒன்றரை வருடம் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தேன் என்று இருந்தது.

மறு வருடம் வண்டி வந்தது. நான் பார்க்கப் பயந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். முதலில் புழுதி வீட்டுக்குள் வந்தது. அப்புறம் சத்தம் மாறியது. சொதசொதவென்று சேறு வந்து எங்கள் வாசல் சுவரில் அடித்தது. அந்தக் கறையை நான் வெள்ளையடிக்க விடவில்லை, இப்போதும் இருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், பருப்பு வேகாது. ஆனாலும் குடிக்கலாம்.

மேடத்துக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எந்த ஊரில் இருக்கிறார் என்று டிரைவருக்கும் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து, என் பேருக்குக் கீழே, இடது பத்தியில், பென்சிலால் எழுதினேன். தண்ணீர் வந்தது.

வலது பத்தியைச் சும்மா விட்டிருக்கிறேன். மிஷினைக் கொண்டுவந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு அவர் எழுத வேண்டியது அது.